ஆடாதோடை மூஞ்சி

ஆடாதோடை என்று ஒரு புதர்ச்செடி. மாவிலைக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி நீள நீளமான இலை, நுனியில் கொத்தாக வெள்ளைப் பூ. வேலியோரம் நட்டுவிட்டால் காவலுக்கு ஆள் வேண்டாம். ஆடு கிட்டே வரும், மோந்து பார்க்கும், தலையை உதறிக்கொண்டு அடுத்த செடிக்குப் போய்விடும். சுவரில் ஒட்டிய போஸ்டரையே தின்கிற பிராணி அது. அதுவே வேண்டாமென்று ஒதுக்கிய இலையைத்தான் மனிதர்கள் பறித்து, கழுவி, நறுக்கி, காய்ச்சி, சர்க்கரை போட்டுப் பாகாக்கி, பாட்டிலில் அடைத்து இருமலுக்குக் குடிக்கிறார்கள். ஆயுர்வேதத்தில் இந்த இலைக்குத் தனி மரியாதை உண்டு. மரியாதை வேறு, ருசி வேறு. ருசியைப் பற்றி யாரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை.

அந்த ருசியோடு மாரடிப்பதே பிழைப்பாகப் போனவன்தான் நம்முடைய கசப்பன். பெற்றவர்கள் நல்ல பெயராகத்தான் வைத்தார்கள். மருந்துக்கூடத்துக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்தப் பெயரை யாரும் எடுத்துப் புழங்காததால் அது ஒரு மூலையில் துருப்பிடித்துக் கிடக்கிறது.

மருந்துக்கூடம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை போட்ட ஒரு நீளமான கொட்டகை. ஒரு கோடியில் குழாயும் சிமெண்டுத் தொட்டியும். அங்கே இலை கழுவுவார்கள். பக்கத்தில் மரப்பலகைகள் போட்டு நாலைந்து பெண்கள் இலை நறுக்குவார்கள். கைகள் இலையை நறுக்கும், வாய்கள் ஊரை நறுக்கும். நடுவில் ஆளை வைத்துக் காய்ச்சலாம் போல இரண்டு அண்டாக்கள். மறு கோடியில் பாட்டில்கள். கசப்பனுக்கு உரியது நடு இடம். தண்ணீர் கால்வாசியாகச் சுண்டுகிறவரை துடுப்புப் போட்டுக் கிண்டுவான், துணியில் வடிகட்டுவான், சர்க்கரை சேர்த்துப் பாகு பதத்துக்குக் கொண்டுவருவான். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கரண்டி எடுத்து ஊதி, வாயில் விட்டுப் பார்ப்பான்.

அந்த நேரத்தில் கொட்டகை முழுக்க அவன் மூஞ்சியைத்தான் பார்க்கும். வலது கண் மட்டும் சுருங்கினால் இலைச்சாறு இன்னும் சரியாக இறங்கவில்லை, அடுப்பைக் கூட்டு என்று அர்த்தம். இரண்டு கண்ணும் இறுக மூடி, மூக்கு மேலே ஏறி, வாய் இடது காதைத் தேடிக்கொண்டு போனால் சரக்கு தயார். நறுக்குகிற பெண்கள் "வந்தாச்சு" என்று எழுந்து வடிகட்டும் துணியை எடுத்துவருவார்கள். அவன் வாயைத் திறந்து உத்தரவு கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. முதலாளியம்மா அலுவலக அறையின் கண்ணாடி வழியாக அவன் வாய் கோணுவதைப் பார்த்துவிட்டு, பாட்டில்காரருக்குப் போன் போடுவார். ஒரு கம்பெனியே ஒருத்தன் மூஞ்சியை நம்பி நடந்தது என்றால் வெளியில் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆள் என்னவோ தங்கமானவன். சிரித்தால் தோள் குலுங்கச் சிரிப்பான். அப்பா அம்மா போன பிறகு அக்காதான் அவனை வளர்த்தாள். அக்கா வீட்டு மாடி அறையில்தான் இருந்தான். கல்யாணப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் "பாக்கலாம்" என்பான். பார்த்துக்கொண்டே இருந்ததில் காதோரம் நரைத்துவிட்டது. அக்காவும் தலைப்பாடாய் அடித்துக்கொண்டு ஓய்ந்துவிட்டாள்.

ஓய்ந்த பிறகுதான் அவனுடைய ஏப்ரன் கிழிந்தது. அடுப்படி வேலைக்கு மாட்டுகிற முரட்டுத் துணி ஏப்ரன். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த தையல்கடையில் கொண்டுபோய்க் கொடுத்தான். கடைக்காரி கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு, வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். ஏறத்தாழ அவன் வயசுதான். லாரி ஓட்டிக் களைத்து வீட்டோடு உட்கார்ந்துவிட்ட அப்பாவைப் பார்த்துக்கொண்டு, கடைக்கு மேலேயே குடியிருந்தாள். ஏப்ரனில் இருந்த பச்சைக் கறையைக் காட்டி, இது என்ன பெயிண்டா என்று கேட்டாள். ஆடாதோடை என்றான். எங்கப்பா இருமலுக்குக் குடிக்கிறாரே, அந்தக் கண்ணராவியா என்றாள். அதேதான், காய்ச்சுவது நான்தான் என்றான். அவள் குண்டூசியை எடுத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் நம் ஆள் குப்புற விழுந்துவிட்டான்.

அதற்கப்புறம் அவன் வீட்டில் துணிகளுக்குக் கேடுகாலம் பிடித்தது. தலையணை உறை பிரிந்தது, ஜன்னல் திரை இறங்கியது, நேற்று வாங்கிய சட்டையில் பொத்தான் உதிர்ந்தது. ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு தையல்கடைக்கு நடையாய் நடந்தான். ஒருநாள் அவள் ஒரு பேண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது தானா கிழிஞ்ச மாதிரி தெரியலயே. பிளேடு போட்டிருக்கு" என்றாள். அசடு வழிய நின்றான். அவளும் மேற்கொண்டு துருவாமல் தைத்துக் கொடுத்தாள், கூலி வாங்கவில்லை. வீட்டில் உருப்படியான துணி குறைந்துகொண்டே வருவதைப் பார்த்த அக்காவுக்கு விஷயம் பிடிபட்டது. அவள் நேராகப் போய் லாரிக்காரரிடம் பேசினாள். அவர் மகளைக் கேட்டார். மகள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வரட்டும், பேசிப் பார்க்கலாம் என்றாள். அவள் குரலில் பாதி சம்மதம் தெரிந்ததாக அக்கா வந்து சொன்னாள். கசப்பனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இனிமேல் தனக்கென்று ஒரு வீடு, அதில் அவள் என்று அவன் மனசு ஓடிக்கொண்டே இருந்தது. இந்த வயசில் இது தவறிப்போனால் இன்னொன்றில் மனசு ஒட்டாது என்றும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நன்றாகத்தான் ஆரம்பித்தது. அக்காவும் கூடப் போனாள். தையல்கடை மாடியில் சின்ன சாப்பாட்டு மேஜை, அதில் அவளே தைத்த விரிப்பு. லாரிக்காரர் தன் இருமல் மருந்து பாட்டிலை எடுத்துவந்து காட்டி, "இதக் காய்ச்சறவன் கையில கெடச்சா நாலு வார்த்த கேக்கணும்னு இருந்தேன். கடைசியில சாப்பாடு போட வேண்டியதாப் போச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் ஆளுக்கொரு கிண்ணத்தில் காய்கறி சூப் கொண்டுவந்து வைத்தாள். காலையிலிருந்து நின்று செய்தது என்று அப்பா போட்டு உடைத்தார். அவள் முகம் சிவந்தது. கசப்பன் கரண்டியை எடுத்தான், ஊதினான், உதட்டுக்குக் கொண்டுபோனான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். அவன் பிறந்ததிலிருந்து கையால் சாப்பிடுகிறவன். டீயை கிளாஸில் குடிப்பான். கரண்டி அவன் வாய்க்குப் போகிறது என்றால் அதில் ஆடாதோடைதான் இருக்கும், வேறு எதுவும் இருந்ததில்லை. இத்தனை வருஷத்தில் கரண்டிக்கும் அவன் மூஞ்சிக்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டுவிட்டிருந்தது. நாக்கை ஒரு வார்த்தை கேட்காமல் போட்டுக்கொண்ட ஒப்பந்தம். கரண்டி உதட்டைத் தொட்டதும் இரண்டு கண்ணும் மூடின, மூக்கு ஏறியது, வாய் இடது காதுக்குக் கிளம்பியது. எல்லாம் முடிந்து முகம் பழைய இடத்துக்கு வந்த பிறகு, ஒன்றுமே நடக்காத மாதிரி, "ரொம்ப நல்லா இருக்குங்க" என்றான்.

மற்ற மூன்று பேரும் அவன் மூஞ்சியையே பார்த்தார்கள். அடுத்த கரண்டி எடுத்தான். மறுபடியும் அதே கூத்து. மறுபடியும் நல்லா இருக்கு என்றான். அவள் எழுந்துவந்து அவன் முன்னாலிருந்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஏன் எடுக்கிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை. ஆறிவிட்டது, சூடு பண்ணப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு காத்திருந்தான், பாவி.

மறுநாள் அக்கா பதில் கேட்கப் போனாள். தையல்காரி சுற்றி வளைக்காமல் ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

"எங்க தொழில் என்ன தெரியுமா உங்களுக்கு? தச்ச துணியப் போட்டுக்கிட்டு கண்ணாடி முன்னால நிப்பாங்க. வாய் நல்லாருக்கும்மாங்கும், மூஞ்சி கை லூசுங்கும். வாய நம்பினேன்னா அடுத்த தடவ அவங்க வேற கடைக்குப் போயிருப்பாங்க. நான் மூஞ்சியத்தான் நம்புவேன். உங்க தம்பி மூஞ்சி என்ன சொல்லிச்சுன்னு நீங்களும் பாத்தீங்க. பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லிட்டுப் போகட்டும், எனக்கு வருத்தமில்ல. வாய் ஒண்ணு மூஞ்சி ஒண்ணு உள்ள ஆளோட என்னால காலம் தள்ள முடியாது."

அக்கா வீட்டுக்கு வந்து அவனைப் பிடிபிடியென்று பிடித்தாள். ஒரு பெண் காலையிலிருந்து நின்று சமைத்ததை எதிரிலேயே வைத்துக்கொண்டு இப்படியா பண்ணுவது என்றாள். அவன் என்ன பண்ணினேன் என்று கேட்டான். அக்கா செய்து காட்டினாள். கண்ணை மூடி, மூக்கைச் சுருக்கி, வாயைக் கோணி. அவன் கொஞ்சமும் நம்பவில்லை. கோபத்தில் அக்கா கூடக் கொஞ்சம் சேர்த்துச் செய்கிறாள் என்றே நினைத்தான்.

நம்பவைத்தது நறுக்குகிற பெண்கள்தான். அவர்களிடம் போய்க் கேட்டான், நான் கரண்டியில் குடித்தால் மூஞ்சி ஏதாவது பண்ணுதா என்று. கொட்டகையே அதிர்ந்தது. ஒருத்திக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. தினமும் அதைப் பார்த்துத்தானே வேலையே ஓடுகிறது என்றார்கள். அது மருந்துக்கு, நான் கேட்பது வெறும் தண்ணீருக்கு என்றான். சரி பார்த்துவிடலாம் என்று ஒருத்தி முதலாளியம்மாவின் மேஜைக் கண்ணாடியை இரவல் வாங்கிவந்து பிடித்தாள், இன்னொருத்தி கரண்டியில் குழாய்த் தண்ணீரைக் கொடுத்தாள். கண்ணை மூடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கண்ணை மட்டும் வலுக்கட்டாயமாகத் திறந்து வைத்திருந்தான். அந்த ஒரு கண்ணால் பார்த்தான்.

அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை. சூப் செய்தவளின் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்தான். அந்த மூஞ்சியை எதிரில் பார்த்துக்கொண்டு யாராலும் உட்கார்ந்திருக்க முடியாது, அவள் கிண்ணத்தைத் தலையில் கவிழ்க்காததே பெரிது என்று தோன்றியது. அன்றைக்கு இறக்க வேண்டிய சரக்கைக்கூட அவன் சரியாகச் சொல்லவில்லை. முதலாளியம்மாவே எழுந்துவந்து என்னப்பா உடம்பு சரியில்லையா என்று கேட்கும்படி ஆயிற்று.

சரிபண்ணிக்கொள்ளலாம் என்று வீட்டில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பயிற்சி எடுத்தான். கரண்டியில் தேன், கரண்டியில் பால், கரண்டியில் சர்க்கரைத் தண்ணீர். மூஞ்சி ஒன்றுக்கும் மசியவில்லை. கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு பார்த்தான், மூக்கு ஏறியது. மூக்கைப் பிடித்தான், நெற்றி சுருங்கியது. அக்கா வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, திட்ட வந்தவள் திட்டாமல் போனாள். தம்பி பொய் சொல்லவில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அதை அந்தப் பெண்ணிடம் யார் போய்ச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

அவனே போனான். இந்த முறை கையில் கிழிந்த துணி எதுவும் இல்லை. அவள் ஒரு துணியில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. அவன் எல்லாவற்றையும் சொன்னான். கரண்டி, கண்ணாடி, தேன், பால் எதையும் விடவில்லை. அவள் கோட்டை முடித்துவிட்டு, "காரணம் ஜோராத்தான் இருக்கு" என்றாள். அவனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. ஒரு தடவை மருந்துக்கூடத்துக்கு வந்து கண்ணால் பாருங்கள், அதற்கப்புறம் நான் இந்தக் கடைப்பக்கமே வர மாட்டேன் என்றான். வரமாட்டேன் என்று சொன்னபோது அவன் குரல் உடைந்தது. அதைக் கேட்டுத்தானோ என்னவோ, சனிக்கிழமை வருகிறேன் என்றாள்.

வந்தாள். தன் இருமல் மருந்தின் பிறப்பிடத்தைப் பார்த்தே தீருவேன் என்று அப்பாவும் கூட வந்தார். அக்கா ஏற்கெனவே வந்து பாட்டில் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். அண்டாவில் சரக்கு சுண்டிக்கொண்டிருந்தது. நறுக்குகிற பெண்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார்கள். கூலியைப் பிடித்தாலும் பரவாயில்லை, இதை விடுவதாக இல்லை. தையல்காரி சும்மா வரவில்லை. பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து அவன் கண்ணைக் கட்டினாள். தானே கொண்டுவந்திருந்த கரண்டியால் முதலில் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு மோர். பிறகு வெறும் காலிக் கரண்டி. காலிக் கரண்டிக்கும் அவன் மூஞ்சி அதே சிரத்தையோடு கோணியது. லாரிக்காரர் சிரிக்கப் போய் இருமலில் மாட்டிக்கொண்டார். அவளும் சிரித்துவிட்டாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அக்காவுக்கு அப்பாடா என்றிருந்தது.

ஆனால் கைக்குட்டையை அவிழ்க்கும்போது அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"நீங்க பொய் சொல்லல, ஒத்துக்கறேன். ஆனா எனக்கு இன்னும் கஷ்டமாத்தான் இருக்கு. இந்த மூஞ்சிய வெச்சு ஒண்ணும் தெரிஞ்சுக்க முடியாதுன்னா, மிச்சம் வாய்தான். வாய் எல்லாருக்கும் நல்லாருக்குன்னுதான் சொல்லுது. உங்களுக்கு உள்ளபடிக்கு என்ன தோணுதுன்னு நான் ஆயுசுக்கும் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

நியாயமான கேள்வி. கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் அவனைப் பார்த்தார்கள், இந்த முறை வாயை. அவன் துடுப்பைப் பிடித்துக்கொண்டு யோசித்தான். யோசிக்கும்போது அவனுக்குப் பொய் வராது, உண்மையில் எப்போதுமே வராது.

"அன்னிக்கு சூப் நல்லாத்தாங்க இருந்துச்சு. உப்புதான் தூக்கல். அப்புறம் அந்த காரட்டு, அது வேகவே இல்ல."

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் பாட்டில் பகுதிவரை கேட்டது. கரையேற இருந்த நேரத்தில் தானே போய்த் தண்ணீரில் குதிக்கிறானே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. லாரிக்காரர் கூரையைப் பார்த்தார். அவர் அந்த சூப்பை அன்றைக்கு ஒரு கிண்ணம் முழுக்க மென்று விழுங்கி, பிரமாதம் என்று சொன்னவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போன பிறகு தையல்காரியும் ஒரு வாய் குடித்துப் பார்த்திருந்தாள். உப்பு தூக்கல்தான். கண்ணாடி முன்னால் நின்று கை லூசு என்று வாயைத் திறந்து சொல்கிற ஓர் ஆளுக்காகத்தான் கடை திறந்த நாளிலிருந்து அவள் காத்திருந்தாள் என்று சொன்னால் மிகையில்லை. அவள் அண்டாவின் பக்கத்தில் வந்தாள். அவன் கரண்டியை வாங்கினாள். கொதிக்கிறது, ஊதிக் குடிங்க, அதோடு ரொம்ப எடுக்காதீங்க என்று அவன் பதறினான். சர்க்கரை இன்னும் சேர்க்காத கட்டம் அது. புதிதாக வருகிறவர்கள் அந்தக் கட்டத்தில் ஒரு சொட்டை நாக்கில் வைத்துவிட்டுக் குழாயை நோக்கி ஓடுவதுதான் வழக்கம். அவள் கரண்டி நிறைய எடுத்து, ஊதி, ஒரே மடக்காகக் குடித்தாள்.

கண்கள் இரண்டும் இறுகிப்போயின. மூக்கு மேலே போயிற்று. உதடு ஒரு பக்கமும் தாடை மறுபக்கமும் போயின. கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்தது. ஆனால் அவள் ஓடவில்லை, துப்பவும் இல்லை. அண்டாவின் விளிம்புக்குப் பக்கத்திலிருந்த மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவ்வளவையும் தினமும் வாயில் போட்டுக்கொண்டு தோள் குலுங்கச் சிரிக்கிற மனுஷன் என்று அவள் நினைத்திருக்கலாம். அந்த மூஞ்சியோடேயே, உலகத்தில் உள்ள வெறுப்பையெல்லாம் ஒன்றாகத் திரட்டி வைத்த மாதிரி இருந்த அந்த மூஞ்சியோடேயே, வாயைத் திறந்தாள்.

"எனக்குச் சம்மதம்."

அக்கா அந்த மூஞ்சியைப் பார்த்துவிட்டு, எல்லாம் முடிந்தது என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். லாரிக்காரர் மகளின் தோளைத் தொட்டு, போகலாமாம்மா என்றார். நறுக்குகிற பெண்களில் ஒருத்தி பாவம் என்று உச்சுக்கொட்டினாள். மூஞ்சியைப் பார்த்தே காலம் தள்ளியவர்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

கசப்பன் மட்டும் அந்த மூஞ்சியைப் பார்க்கவில்லை. அவள் சொன்னதைக் கேட்டான், அப்படியே நம்பினான்.